ஒரே சஹனில் சாப்பிட்டவர்கள்

சரித்திரப் பாடத்தில் வரும் ஆபிரிக்காவின் அரசர்களை ஸல்ஹா டீச்சருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. இங்கிலீஷ்காரன் வந்துவிடுவான் என்ற பயத்தில் பிரெஞ்சுக்காரனின் கொடியை முற்றத்தில் நடவிட்டவர்கள்; ஜேர்மன்காரனுக்குப் பயந்து இங்கிலீஷ்காரனிடம் காவல் கேட்டவர்கள். கடைசியில் காவல்காரர்கள் எல்லோரும் பெர்லினில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆபிரிக்காவைப் பங்கு போட ஒழுங்கு பேசினார்கள். நாட்டுக்காரர் ஒருவரையும் அழைக்கவில்லை.

திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு இங்கிலீஷ் கடற்படை போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது:

"ஒருத்தருக்கொருத்தர் எதிரிகள்தானே டீச்சர், எப்பிடி ஒத்துப்போனாங்க?"

"அடுத்தவன்ட காணியப் பிரிக்கிறதுக்கு ஒத்துப்போறது லேசு" என்றாள். வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்தாள். அந்த அரசர்கள் சுத்த மடையர்கள் என்பது அவளுடைய தீர்மானம்.

ஊரில் இவள் செய்து வைத்திருந்ததைக் கேட்டால் சிரிப்பு வராது. கிண்ணியாவில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளைகள் கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவார்கள். அப்படித்தான் துறையடி வீடும் வளவும் ஸல்ஹாவுக்கு என்று சொல்லிவிட்டு வாப்பா மௌத்தானார். காணி உறுதிப்பத்திரம் எழுதவில்லை, ஊர் வழக்கம் போதும் என்று நினைத்தார், நல்ல மனிதர். ஆனால் அக்கரைக்குப் போகத் துறையில் லொறிகள் காத்து நிற்கத் தொடங்கியபின், கடை போட அந்த வளவைவிட வாய்ப்பான இடம் வேறு இல்லை என்றாகிவிட்டது.

மரம் விற்கும் மரக்காலை வைத்திருந்த மூத்த அண்ணன், பெரிய நானா கலீலுர் றஹ்மான், முதலில் வந்தார். "தம்பி பாயிஸ்ட கண் இந்த வளவிலதான் இரிக்கி. வடக்கால நான் வேலி அடைச்சு விடுறன். உனக்குக் காவலா இரிக்கும்."

ஓம் என்றாள்.

மீன் வியாபாரியான சின்ன நானா பாயிஸ் அடுத்த வாரமே வந்து நின்றார். "அவர் வேலி போட்டது வளவப் பிடிக்கத்தான். தெற்கால நான் ஒரு ஐஸ் கொட்டில் போடுறன். அதத் தாண்டி அவர் வரமாட்டார்."

அதற்கும் ஓம் என்றாள். அந்த வீட்டில் தனி ஆளாக இருந்தவள், இரண்டு பக்கமும் காவல் இருக்கிற நிம்மதியில் தூங்கினாள், பாவி.

அவளை அரித்தது வேறு ஒன்று. நானாமார் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கலியாண வீட்டில் பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டமான சஹன் ஒன்றைச் சுற்றி ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் எழுந்து வேறு சஹனுக்குப் போய்விடுவார். சபை பார்த்துக்கொண்டிருக்க நடக்கும் இந்தக் கூத்தைக் கேள்விப்படும்போதெல்லாம் அவளுக்கு மானம் போகும்.

அன்று பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து படகால் இறங்கியபோது, பக்கத்து வீட்டு றம்லா துறையிலேயே பிடித்துக்கொண்டாள். "டீச்சர், லாபிர் ஹாஜியார்ட வீட்டு விருந்தில உங்கட நானாமார் ரெண்டு பேரும் ஒரே சஹன்ல சாப்பிட்டாங்களாம்."

ஸல்ஹாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். கடையில் மஸ்கட் அல்வா வாங்கிக்கொண்டு, நடையும் ஓட்டமுமாக வீட்டுக்குப் போனாள்.

முற்றத்தில் இருவரும் நின்றார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு கயிறு. அது வாசலால் உள்ளே நுழைந்து, குசினியால் பின்வளவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"வந்திட்டியா புள்ள" என்றார் பெரிய நானா, அன்பாகத்தான். "எல்லாம் பேசி முடிச்சிட்டம். வடக்கு எனக்கு, தெற்கு தம்பிக்கு. நீ ஆறு மாசம் என்ட வீட்டில, ஆறு மாசம் அவன்ட வீட்டில. ஒரு குறையும் வராது."

"என்னக் கூப்பிடல்லையே, நானா."

"உன்ட விஷயத்தத்தானே கதைச்சனாங்க" என்றார் பாயிஸ். "அதுக்கு நீ எதுக்கு?"

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை.

 ஒருவர் பிடுங்கியிருந்தால் ஸல்ஹா மற்றவரிடம் ஓடியிருப்பாள். இப்போது ஓட இடமில்லை. கூடப் பிறந்தவர்கள் இப்படி வயிற்றில் அடிப்பார்கள் என்று கனவிலும் நினைத்தவள் இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் சேர வேணுமெண்டு இத்தின வருஷமா அஞ்சு வக்துத் தொழுகையிலயும் துஆக் கேட்டனான்" என்றாள்.

"அதான் அல்லாஹ் உன்ட துஆவக் கபூலாக்கிட்டானே" என்றார் பெரிய நானா, கயிற்றை இழுத்துப் பிடிக்கும்படி தம்பிக்குக் கை காட்டியபடி.