சனிக்கிழமைத் தம்பதி

எங்களுக்கு விவாகரத்து ஆகிப் பத்து மாதமாகிறது. சனிக்கிழமைகளில் மட்டும் நாங்கள் கணவன் மனைவி.

இது புரோக்கரின் ஏற்பாடு. வீட்டை விற்பனைக்குப் போட்ட முதல் வாரம் அவர் வந்து இரண்டு படுக்கையறைகளையும் எட்டிப் பார்த்தார். பெரிய அறைக் கட்டிலில் ஒரே ஒரு தலையணை. சின்ன அறையில் சுருட்டி வைத்த மெத்தை, ஒரு கெட்டில், ஒற்றைத் தட்டு, கொடியில் ஆண் சட்டைகள். மனிதருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. பிரிஞ்சவங்க வீடுன்னு தெரிஞ்சா போதும், வர்றவன் அடிமாட்டு விலைக்குக் கேப்பான். ஏற்கெனவே மார்க்கெட் படுத்துக் கிடக்கு. யாராவது பார்க்க வந்தா நீங்க ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்கற மாதிரி இருக்கணும். இதைவிடப் பெரிய வீடு பார்க்கறோம், அதான் விக்கறோம்னு சொல்லிடுங்க."

"சந்தோஷமா இருக்கற மாதிரின்னா எப்படி?" என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"ரொம்ப சிம்பிள் மேடம். கட்டில்ல ரெண்டு தலகாணி. டேபிள் மேல ரெண்டு டீ கப், இப்பதான் பேசிட்டு எழுந்து போன மாதிரி. குடும்பம்னா அவ்வளவுதானே."

அவ்வளவுதானாம். பதினோரு வருடம் எங்களுக்கு அது தெரியாமல் போயிற்று.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அவர் லிஃப்ட் மெக்கானிக். குழந்தை கிடையாது, ஆகையால் பிரிக்க வேண்டியிருந்தது வீடு ஒன்றுதான். அதை விற்றால்தான் இருவருக்கும் தனித்தனியாக ஒரு கூரை. அதுவரை ஒரே கூரையின் கீழ் இருந்து தொலைக்க வேண்டும். பெரிதாகச் சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. நான் எதைக் கேட்டாலும் அவர் "பார்க்கலாம்" என்பார். ஊருக்குப் போகலாமா, பார்க்கலாம். டாக்டரைப் பார்க்கலாமா, பார்க்கலாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் நான் பிரிந்துவிடலாமா என்று கேட்டேன். அதற்கும் "பார்க்கலாம்" என்றார். அன்றைக்கு நான் பார்த்துவிட்டேன்.

பிரிந்த பிறகு அவர்தான் டேப் கொண்டுவந்தார். ஒயரில் சுற்றுகிற டேப். சிவப்பு எனக்கு, நீலம் அவருக்கு. எண்ணெய், சோப்பு, பால், பருப்பு, தோசைக்கரண்டி வரைக்கும் ஒட்டினார். உப்பு டப்பா கூட இரண்டு. லிஃப்ட் ஒயர்களுக்கு அடையாளம் வைக்கிற மாதிரி அவ்வளவு ஒழுங்காக. அவரவர் சமையல், அவரவர் பாத்திரம். ஒருவரையொருவர் கூப்பிட வேண்டிய அவசியமே வரவில்லை. பத்து மாதத்தில் நான் அவரை "என்னங்க" என்று அழைத்ததெல்லாம் வீடு பார்க்க வந்தவர்களின் முன்னால்தான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலை ஆரம்பிக்கும். அவருடைய தலையணை சின்ன அறை வாசலில் கிடக்கும், நான் எடுத்துக் கட்டிலில் என் தலையணைக்குப் பக்கத்தில் போடுவேன். மெத்தையும் கெட்டிலும் அலமாரிக்குள் போகும். டேப்புகளை உரிக்க வேண்டும். குளியலறையும் சமையல் மேடையும் அவர் பொறுப்பு, ஃப்ரிட்ஜ் என் பொறுப்பு. கடைசியாக அவர் டீ போட்டு இரண்டு கப்பில் ஊற்றி மேஜை மேல் வைப்பார். பத்து மணிக்கு சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு காலிங்பெல்லுக்குக் காத்திருப்போம். மாலை நாலு மணிக்கு, ஆறிப்போய் ஆடை படிந்த அந்த இரண்டு கப் டீயையும் நான் தொட்டியில் கொட்டுவேன். அப்புறம் மறுபடி டேப் ஒட்டுவோம்.

வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். சுவரைத் தட்டினார்கள், குழாயைத் திறந்தார்கள், ஜன்னலை இரண்டு தரம் மூடிப் பார்த்தார்கள். போகும்போது எல்லாரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: "பார்க்கலாம்." எனக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் கோபம்கூட முதல் மூன்று மாதம்தான் வந்தது. அப்புறம் அதுவும் வரவில்லை. எக்ஸ்ரே எடுக்கும்போது நான் ஆட்களிடம் "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்பேன். நாலு விநாடியில் "விட்டுடலாம்" என்றும் சொல்லிவிடுவேன். எனக்கு அந்த இரண்டாவது வார்த்தையைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பசித்தது, சாப்பிட்டேன். தூக்கம் வந்தது, தூங்கினேன். சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. உடம்பு முழுக்க மரத்துப்போன கால் மாதிரி.

போன மாதம்தான் ஒரு வழி தெரிந்தது. என்கூட வேலை பார்க்கிற நர்ஸ் கல்யாணமாகிப் போகிறாள். ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தாற்போல் மாடியில் அவள் இருக்கிற அறை காலியாகிறது. ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு, ஒரு ஆள். வீட்டுக்கார அம்மா மாதக் கடைசிவரைதான் எனக்காக நிறுத்தி வைப்பேன் என்று சொல்லிவிட்டார். அந்த அறை போய்விட்டால் இன்னும் எத்தனை சனிக்கிழமை இந்த நாடகம் ஆடுவது? அதை நினைத்தபோது மட்டும் எனக்கு பயமாக இருந்தது. நான் அங்கே போயாக வேண்டும்.

மாதக் கடைசிக்கு இரண்டு சனிக்கிழமை பாக்கி இருந்தபோது டெய்லர் அம்மா வந்தார்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் அளவெடுக்கிற இன்ச் டேப் மாலை மாதிரி தொங்கியது. ஏழெட்டு வாரத்துக்கு முன்னால் ஒருதரம் வந்து, சின்ன அறையில் மூன்று மெஷின் போட முடியுமா என்று அளந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனவர். எங்கள் வீட்டுக்கு இரண்டாவது தரம் வந்த முதல் ஆள் அவர்தான். புரோக்கருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று காலை ஆஸ்பத்திரியில் ஒரு பஸ் விபத்து கேஸ். பதினேழு பேருக்குக் கை, கால், விலா என்று படம் எடுத்துவிட்டு நான் வீட்டுக்கு ஓடி வருவதற்கும் டெய்லர் அம்மா உள்ளே நுழைவதற்கும் சரியாக இருந்தது. கட்டிலில் இரண்டு தலையணை இருந்தது, அவர் போட்டிருக்கிறார். மேஜையில் டீ ஆவி பறந்தது. நான் சிரித்த முகத்தோடு "வாங்கம்மா, இதைவிடப் பெரிய வீடு பார்க்கறோம், அதனாலதான்…" என்று பாடத்தை ஆரம்பித்தேன்.

அந்த அம்மா நேராகச் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

ஃப்ரிட்ஜ் என் பொறுப்பு. மேல் தட்டு முழுக்கச் சிவப்பு, கீழ்த் தட்டு முழுக்க நீலம். இரண்டு பால் பாக்கெட், இரண்டு வெண்ணெய், இரண்டு ஊறுகாய் பாட்டில், முட்டைப் பெட்டியில் கூட முட்டை முட்டையாகப் பொட்டு. தன் வேலையை முடித்து, தலையணையையும் போட்டவர், ஃப்ரிட்ஜை மட்டும் தொடவில்லை. அதுதான் எங்கள் ஒப்பந்தம்.

"இது என்னம்மா கலர் கலரா?" என்றார் டெய்லர் அம்மா.

"டயட்டு!" என்று புரோக்கர் பாய்ந்து வந்தார். "சாருக்குத் தனி டயட்டு, மேடத்துக்குத் தனி டயட்டு."

"பால்லகூடவா?"

"பால்லதாங்க முக்கியமா!"

அந்த அம்மா புரோக்கரைப் பார்க்கவே இல்லை. நூல் சரியாகக் கோத்திருக்கிறதா என்று பார்க்கிற கண்ணால் என்னைப் பார்த்தார், பிறகு என் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். "ஏன் தம்பி, நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டீங்களா?"

வாயைத் திறக்காதே என்று நான் கண்ணால் கெஞ்சினேன். பதினோரு வருடமாக நேராகப் பதில் சொல்லியே பழக்கமில்லாத மனிதர், "ஆமாங்க. பத்து மாசம் ஆச்சு" என்றார்.

புரோக்கர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு மாடி அறையின் ஜன்னல் கண்முன்னால் மூடிக்கொண்டது. போயிற்று, எல்லாம் போயிற்று. சொல்வதற்கு இந்த மனிதருக்கு இந்த நாள்தானா கிடைத்தது!

டெய்லர் அம்மா ஃப்ரிட்ஜை மெதுவாக மூடினார். "அப்போ வீட்டை நிஜமாவே விக்கறீங்க?"

"நிஜமாத்தான்," என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"எப்போ காலி பண்ணுவீங்க?"

"நாளைக்கே." அதையும் சேர்ந்தேதான் சொன்னோம்.

அந்த அம்மா அப்பாடா என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இதை அன்னிக்கே சொல்லித் தொலைக்கக் கூடாதாம்மா? இதுக்கு முன்னாடி ரெண்டு வீடு பேசி முடிச்சு, பத்திரம் எழுதற அன்னிக்கு மனசு வரலைன்னு ஓனருங்க பின்வாங்கிட்டாங்க. எனக்கு அலைச்சல்தான் மிச்சம். போன தடவை இங்க வந்தப்போ இந்தத் தம்பி பாத்ரூம் காட்டினாரு. 'இவளுக்கு ஒரு தடவை வழுக்கிக் கால் உடைஞ்சிடுச்சு, அதனால லிஃப்ட்ல இருந்த கம்பியைக் கொண்டுவந்து கைப்பிடி போட்டேன்'னு சொன்னாரு. சொல்லும்போது அந்தக் கம்பியை ஆட்டிப் பார்த்துக்கிட்டாரு, உறுதியா இருக்கான்னு. இப்படி ஒருத்தருக்கொருத்தர் பார்த்துப் பார்த்து வாழறவங்க எங்க விக்கப்போறாங்க, வேணாம்னு வீட்டுக்குப் போயிட்டேன்."

புரோக்கர் அசடு வழிந்தார். பத்து மாதமாக வருகிறவர்களையெல்லாம் துரத்தியது எங்களுடைய சந்தோஷம்தான் என்று தெரிந்தால் வேறு என்ன செய்வார்?

டெய்லர் அம்மா விலையில் கொஞ்சம் குறைத்தார், அதற்குமேல் பேரமில்லை. அன்றே முன்பணம் கொடுத்தார். புதன்கிழமை நான் மாடி அறைக்குச் சாவி வாங்கினேன். என் வீட்டுக்காரராக இருந்தவரும், தான் வேலை செய்கிற கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு இடம் பார்த்துவிட்டதாக, கதவருகே நின்று, சுவரைப் பார்த்துச் சொன்னார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் இல்லை. பாத்திரங்களைப் பேப்பரில் சுற்ற ஆரம்பித்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எழுந்தேன். சின்ன அறை வாசலில் கிடந்த தலையணையை எடுத்துக் கட்டிலில் போட்டேன். விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டேன். இந்தத் தடவை மறக்கக் கூடாது என்று ஃப்ரிட்ஜில் டேப்புகளை ஒவ்வொன்றாக உரித்தேன், முட்டைகளைக்கூட விடவில்லை. குளியலறையில் அவர் சோப்புகளை மாற்றி வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் டீ கொதிக்கிற வாசனை. பத்து மணிக்கு இருவரும் சோபாவில் போய் உட்கார்ந்தோம். மேஜையில் இரண்டு கப்.

பத்தேகால் ஆயிற்று. பத்தரை ஆயிற்று.

"என்னங்க, இன்னிக்கு யாரு வர்றாங்க?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சநேரம் காலிங்பெல் இருக்கிற பக்கத்தையே பார்த்தார். "யாரும் இல்ல," என்றார். "வீடுதான் முடிஞ்சிடுச்சே."

ஹால் நிறைய அட்டைப்பெட்டிகள். அவற்றுக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேர், வராத ஆளுக்காக ஒருவருக்கொருவர் இடித்துக்கொள்ளாமல், நல்ல குடும்பம் மாதிரி உட்கார்ந்திருக்கிறோம். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். யாரும் பார்க்காமல் நாங்கள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எனக்குக் கணக்கே தெரியவில்லை. சிரித்த வாய் உலர்ந்திருந்தது, பக்கத்திலிருந்த கப்பை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

அரை ஸ்பூன் சர்க்கரை. பால் குறைத்து, தூள் தூக்கலாக. எனக்குப் பிடித்த மாதிரி, நானே போட்டுக்கொள்வதைவிடச் சரியாக.

பார்வைக்கு வைக்கிற டீயில் எதற்குச் சர்க்கரை? நிறம் இருந்தால் போதாதா? நான் அவருடைய கப்பை எடுத்துக் கேட்காமலே ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். அவருக்குப் போடுகிற இரண்டு ஸ்பூன் தித்திப்பு. இரண்டும் வேறு வேறு டீ.

"எல்லா சனிக்கிழமையும் இப்படித்தான் போட்டீங்களா?"

"ஆமா."

"யாரும் குடிக்க மாட்டாங்கன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"பின்ன எதுக்கு?"

'பார்க்கலாம்' என்பது போல அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். ஆனால் அதைச் சொல்லவில்லை. "ஒரு நாள் நீ எடுத்துக் குடிச்சிட்டீன்னா?" என்றார்.

நாற்பதுக்கு மேல் சனிக்கிழமைகள். நாற்பதுக்கு மேல் கப். எல்லாவற்றையும் இந்தக் கையால்தான் தொட்டியில் கொட்டினேன். மரத்த காலில் ரத்தம் திரும்பும்போது குத்துமே, அப்படி எங்கேயோ குத்தியது. வலித்தது. அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. என்ன சொன்னாலும் அது இரண்டு வருடம் பிந்திவிட்டது, அவருக்கும் தெரியும்.

டீயை முழுக்கக் குடித்து முடித்தேன். அவரும் குடித்தார். இரண்டு கப்பையும் கழுவித் துடைத்து, நீல டேப்பைக் கிழித்து அவருடைய கப்பில் ஒட்டி அவர் பெட்டியில் வைத்தேன். என்னுடையதில் சிவப்பு ஒட்டி என் பெட்டியில் வைத்தேன். மத்தியானம் டெம்போ வந்தது.