டயருக்குள் ஒரு தையல்

தையல்காரரின் மனைவி நர்ஸ் வேலைக்குப் போக ஆரம்பித்தபோது அந்த வீட்டில் அதிகம் கவலைப்பட்டவர் தையல்காரர்தான். அவளைப் பற்றி அல்ல, அவளுடைய சைக்கிளைப் பற்றி. அவளுக்கோ அந்த வேலை கிடைத்ததே பெரிய விஷயம். பிள்ளைகள் ஆளாகும் வரை மூட்டை கட்டி வைத்திருந்த படிப்பைத் தூசி தட்டி எடுத்து, நாலு இடத்தில் இல்லை என்று கேட்டுவிட்டு, ஐந்தாவது இடத்தில் வாங்கிய வேலை. நடமாட முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய் ஊசி போட வேண்டும், புண்ணைத் துடைத்துக் கட்ட வேண்டும். காலையில் முதல் வீடு சர்க்கரை நோய்க்காரப் பெரியவர் ஒருவருடையது. ஊசி போட்ட பிறகுதான் அவர் வாயில் எதையும் வைப்பார். இவள் தாமதமானால் அங்கே அவர் பட்டினி.

போகிற வழியில் பழைய கட்டடம் ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். தெருவெல்லாம் உடைந்த கண்ணாடியும் ஆணியும். முதல் வாரத்திலேயே ஒரு கண்ணாடிச் சில்லு பின் டயரில் ஏறிவிட்டது. அன்று மாலை தையல்காரர் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்தார். கையில் ஒரு நீளமான துணிப்பட்டை. ஜீன்ஸை நீளம் குறைக்கும்போது வெட்டிப் போடுகிற துண்டுகளைச் சேர்த்து, இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்திருந்தார். இரண்டு முனையையும் மடித்து அடித்திருந்த அழகைப் பார்த்தால் அதை டயருக்குள் வைக்க மனசே வராது, கழுத்தில் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

"டயருக்கும் டியூபுக்கும் நடுவுல இது இருக்கட்டும். இனிமே எந்த ஆணி மூக்கை நுழைக்குதுன்னு பாக்கறேன்" என்றார்.

ஆணி நுழையவில்லை. ஆனால் பஞ்சர் முன்னைவிட அதிகமாக வந்தது.

பஞ்சர் கடைக்காரருக்கு எப்போதும் கடை வாசலில் கூட்டம். சக்கரத்தைக் கழற்றாமலே டயரை ஒரு பக்கம் நெம்பி, டியூபை வெளியே இழுத்து, தேய்த்து ஒட்டி, காற்றடித்து அனுப்பிவிடுவார். "உங்க வண்டி இங்கேயே குடியிருக்கட்டும் சிஸ்டர், நீங்க நடந்து போயிட்டு வந்துடுங்க" என்று ஒருநாள் சிரித்தார். அவளும் வேறு வழியில்லாமல் சிரித்து வைத்தாள்.

வீட்டில் தையல்காரர் சும்மா இருப்பாரா. பஞ்சர் ஆகும்போதெல்லாம் பட்டையை வெளியே எடுத்து மேலே இன்னொரு மடிப்பு வைத்துத் தைத்தார். முனையை இன்னும் அழுத்தமாக அடித்தார். மனுஷன் ராத்திரிச் சாப்பாட்டைக்கூட மறந்து ஒரு டயருக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்ததைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

சிரிப்பு அடங்கியது, நர்ஸ்களுக்கு வீடுகளைப் பிரித்துக் கொடுக்கும் பெரிய சிஸ்டர் கூப்பிட்டு அனுப்பிய அன்றைக்கு.

"அந்தப் பெரியவருக்கு நேற்றைக்குத் தலை சுத்திடுச்சாம். ஊசிக்காகச் சாப்பிடாமக் காத்துக்கிட்டு இருந்திருக்கார். இன்னொரு தடவை லேட்டானா உங்க வீடுகளை ஸ்கூட்டர் வெச்சிருக்கிற பொண்ணுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் உங்களுக்கு இங்க என்ன வேலை இருக்கும்னு நீங்களே யோசிங்க. எனக்கு உங்க மேல கோபம் ஒண்ணும் இல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வீட்டுக்கு வந்து வாசலில் சைக்கிளை நிறுத்தினாள். உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் பின்சக்கரம் உட்கார்ந்திருந்தது. கண்ணாடியும் இல்லை, ஆணியும் இல்லை, சொந்த வீட்டு வாசலிலேயே.

அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, பழைய கரண்டிக் காம்பு இரண்டை எடுத்து வந்து டயரை நெம்பினாள். டியூபை முழுசாக வெளியே எடுத்துத் தரையில் போட்டாள். அத்தனை ஒட்டும் ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு கிடந்தன. புதிதாகக் காற்றுப் போன இடத்தில் குத்தின ஓட்டை இல்லை. தோல் வழன்ற மாதிரி தேய்ந்து, மெலிந்து, கிழிந்திருந்தது.

இந்த மாதிரிப் புண்ணை அவள் தினமும் பார்க்கிறாள். மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பவர்களுக்கு முதுகில் வரும் புண். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் போதும், அது உரசி உரசித் தோலைத் தின்றுவிடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புண் வந்தால் மருந்தைக் குறை சொல்லக் கூடாது, விரிப்பைத் தடவிப் பார்க்க வேண்டும். அவள் டயருக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டே வந்தாள். பட்டையின் இரண்டு முனையும் சந்திக்கிற இடத்தில் விரல் நின்றது. மடித்து, மடித்ததை மறுபடி மடித்து, கெட்டி நூலால் அடித்த தையல், கட்டி மாதிரி புடைத்துக்கொண்டிருந்தது.

பட்டையை உருவி எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அவர் கடையில் முடியாத வேலையை மடியில் வைத்துக்கொண்டு பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இந்த முனையைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டுப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு. ஒரு நூல் வெளிய வரல."

"இதுதாங்க டியூபை அறுக்குது. இங்க பாருங்க, எல்லா ஒட்டும் இதே எடத்துல."

அவர் டியூபைப் பார்த்தார். பட்டையைப் பார்த்தார். "ஓரத்தை மடிக்காம எப்படி விடறது? பிசிறு பிசிறாப் போயிடுமே."

"டயருக்குள்ள யாருங்க வந்து பாக்கப் போறா?"

"நான் செஞ்சதுன்னு எனக்குத் தெரியுமில்ல."

இவ்வளவு நாள் அடக்கி வைத்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குத் தலைக்கேறியது. "அங்க ஒரு மனுஷன் பட்டினியாக் கெடந்து மயங்கிப் போறாரு, என் வேலை போகப் போகுது. ஆணி பண்ணல, கண்ணாடி பண்ணல. எல்லாம் நீங்க பண்ணதுங்க."

சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்று இருந்தது. அவர் பட்டையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து சாப்பிட்டபோதும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் அவள் எழுந்து வந்தபோது டியூபை ஒட்டி, டயரை மாட்டி, சைக்கிள் தயாராக நின்றது. டயரை அழுத்திப் பார்த்தாள். விளிம்போரம் உள்ளேயிருந்து துணியின் நுனி எட்டிப் பார்த்தது. அவ்வளவு சொல்லியும் இந்த மனுஷன் பிடித்த பிடியை விடவில்லை என்று நினைத்தாள். கிளம்ப இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. காற்றை இறக்கிவிட்டு அந்த முனை இருக்கிற இடத்தில் டயரை நெம்பி விரலை விட்டாள்.

விரல் எதிலும் தட்டவில்லை.

துணியைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பார்த்தாள். மடிப்புகளை எல்லாம் பிரித்து ஒற்றைத் துணியாக்கியிருந்தார். முனையில் தையலே இல்லை. அதோடு விடவில்லை. துணி முடிகிற விளிம்புகூட டியூபை உறுத்தாதபடி, குறுக்கு நூல்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, ஓரத்தை விரல் நீளத்துக்குப் பஞ்சாகப் பிரித்துவிட்டிருந்தார். வாடிக்கையாளர் சட்டையில் ஒரு நூல் தொங்கினால் அன்றைக்குத் தூங்காத ஆள், உட்கார்ந்து தன் கையாலேயே பிசிறு எடுத்திருக்கிறார்.

நிமிர்ந்தால் அவர் கதவோரம் நின்றிருந்தார்.

"பாக்க அசிங்கமாத்தான் இருக்கும். மூடி வை. யாருகிட்டயும் காட்டாத."

அவள் துணியை உள்ளே தள்ளினாள். டயரை மாட்ட அவரும் வந்து குனிந்து பிடித்தார். இரண்டு பேரும் மாறி மாறிக் காற்றடித்தார்கள்.

இடித்த கட்டடத்தின் முன்னால் நேற்றைக்கு விழுந்த கண்ணாடி வெயிலில் மின்னியது. ஒதுங்க இடமில்லை, அதன் மேலேயே ஓட்டிக்கொண்டு போனாள். பெரியவர் வீட்டு வாசலில் இறங்கி முதல் வேலையாகப் பின்சக்கரத்தை அழுத்திப் பார்த்தாள். கல்லு மாதிரி நின்றது.

பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டுக்கொண்டார்.

"பரவாயில்லையே, இன்னைக்குப் பஞ்சர் இல்லையாம்மா?"

"இல்லைங்க. எங்க வீட்டுக்காரர் உள்ளே துணி வெச்சுக் குடுத்திருக்காரு."

"தையல்காரர்தானே உங்க வீட்டுக்காரர். நல்லாத் தைச்சிருப்பாரு."

"தைக்கலைங்க" என்றாள் அவள், ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே. "எனக்காகத் தைக்காம விட்டுட்டாரு."

இதில் இந்தப் பெண் இவ்வளவு பெருமைப்பட என்ன இருக்கிறது என்று பெரியவருக்குப் புரியவில்லை. பசி வேறு. கையை நீட்டினார்.