'ஹெஸ்பரா' கப்பலின் தாடி

பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்த அன்று காலையிலேயே 'ஹெஸ்பரா' என்ற இலகு ரகக் க்ரூஸர் போர்க்கப்பலின் முகப்பில் ஒரு முழ நீளத்துக்கு நரைத்த தாடி தொங்கியது. போருக்கென்று கட்ட ஆரம்பித்த கப்பல். போர் அதற்காகக் காத்திருக்காமல் முடிந்துவிட்டது. லண்டனில் ஆட்சிகள் மாறி மாறி யோசித்தபடியே இருக்க, அது ஸ்காட்லாந்துக் கழிமுகம் ஒன்றில் பதினான்கு வருஷம் மழையில் நனைந்தது. 1959இல் பிளிமத் துறைமுகத்தில் பேண்டு வாசித்து, புதுக் கப்பல் என்று அறிவித்தார்கள். கப்பலுக்குத் தன் வயது தெரிந்திருந்தது.

கேப்டன் லயனல் அஷ்பர்னுக்கு இரும்பில் மயிர் முளைத்தது பெரிதாகப் படவில்லை. அனுமதி கேட்காமல் முளைத்ததுதான் பொறுக்கவில்லை. அந்தக் கடற்படையில் தாடி வளர்க்க கேப்டன் முன் தொப்பியைக் கழற்றி நின்று கேட்க வேண்டும். தினமும் மழிக்க உத்தரவிட்டார். கப்பல் நாவிதன் ஜோ பெங்கெல்லி பலகையில் தொங்கியபடி காலையில் மழிப்பான். மாலைத் தேநீருக்குள் மறுபடி முளைத்துவிடும். இப்படியே இரண்டு வருஷம் போனது. இதற்குள் உலகம் ஏவுகணைக்கு மாறிவிட்டது. பீரங்கிக் கப்பல்களை ஒவ்வொன்றாக உடைக்க அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஹெஸ்பரா தப்பினால்தான் அஷ்பர்ன் அட்மிரல் ஆக முடியும். புதுத் தொப்பிக்கான தலை அளவைத் தையற்காரரிடம் அவர் ஏற்கெனவே கொடுத்து வைத்திருந்தார்.

கப்பலைப் பார்வையிட அட்மிரல் வைல்டிங் வருவதாகச் செய்தி வந்தது. வைல்டிங் மார்பு வரை தாடி உள்ளவர். அஷ்பர்னுக்கு ஒரு யோசனை உதித்தது: கப்பலும் தாடியோடு நின்றால் அட்மிரல் குளிர்ந்துபோவார்.

"வேணாங்கய்யா," என்றான் ஜோ. "நரச்ச தாடி. வயசக் காட்டிக் குடுத்துரும்."

"அட்மிரலுக்கும் நரச்சதுதான்யா. அவர வீட்டுக்கா அனுப்பிட்டாங்க?"

"அவரு ஆளுங்கள வீட்டுக்கு அனுப்புற எடத்துல இருக்காருங்க."

கடற்படை விதி என்றால் விதிதான். கப்பலுக்குத் தொப்பி இல்லாததால் அதன் சார்பில் ஜோ தன் தொப்பியைக் கழற்றி நின்றான். அனுமதி கிடைத்தது. அட்மிரல் வருவதற்குள் தாடி தண்ணீரைத் தொட்டது. மீன்கள் அதில் குடியேறின.

வைல்டிங் படகில் வந்து முகப்பை நெடுநேரம் பார்த்தார். கையால் கோதியும் பார்த்தார். தன் தாடியை ஒருமுறை தடவிக்கொண்டார், முகம் சுருங்கியது.

"என்னுதவிட நல்லாருக்கே, அஷ்பர்ன்."

"உங்க ஆசீர்வாதம், சார்."

"இவ்ளோ வயசானவள இன்னும் வேல வாங்குறோமே, நல்லாவா இருக்கு? மரியாதையா ஓய்வு குடுத்துருவோம். தொணைக்கு நீங்களும் போயிருங்க."

வேல்ஸ் கரையில் ஹெஸ்பராவை வெட்டி உருக்கி கெட்டில்கள் செய்தார்கள். போரில் ஒரு குண்டுகூடச் சுடாமல் கோபத்தை அடக்கியே வைத்திருந்த இரும்பு என்பதால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறது என்று இல்லத்தரசிகள் மெச்சினார்கள். கெட்டில்களில் தாடி முளைப்பதைப் பற்றி யாரும் புகார் செய்யவில்லை. அஷ்பர்ன் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது.

"லயனல், கெட்டில் இன்னும் ரெடியாகலையா?" என்று மனைவி மார்ஜரி மாடியிலிருந்து கேட்பாள்.

அவர் சீருடைக் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, சவரக் கத்தியைத் தீட்டி, கெட்டிலின் மூக்குக்குக் கீழிருந்து ஆரம்பிப்பார்.