முன்னால் இழுத்த சீட்

போல்ட் அசையவில்லை. காரின் முன்சக்கரம் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். எஞ்சினின் பக்கவாட்டில் பெல்ட் ஓடும் புல்லியின் நடு போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, அதன் கைப்பிடியில் நீளமான இரும்புப் பைப்பைச் செருகி, தொங்கியும் பார்த்தாயிற்று. போல்ட்டுக்குப் பதில் எஞ்சினே திரும்பியது.

“மச்சான், பிரேக்கை மிதிக்கிறீங்களா, தடவிக் கொடுக்கிறீங்களா?”

“முட்டி ரெண்டும் ஸ்டியரிங்ல மாட்டிக்கிட்டு இருக்கு, மாப்பிள்ளை. இதுக்கு மேல மடக்கினா காதுல இடிக்கும்,” என்றார் காருக்குள் இருந்த மைத்துனர். “சீட்டைக் கொஞ்சம் பின்னாடி தள்ளிக்கட்டுமா?”

“வேண்டாம்.”

அந்தக் காரை ஓட்டியவள் மைத்துனரின் தங்கை, இவருடைய மனைவி. குள்ளம், சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுவாள். அவள் இறந்தபின் அதில் யாரும் உட்காரவில்லை. கார் நின்ற இடத்திலேயே ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. புல்லிக்குப் பின்னால் ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பர் சீல் போய்விட்டது. போல்ட்டைக் கழற்றாமல் சீலைத் தொட முடியாது. நாளைக் காலை மகள் இந்தக் காரில்தான் வெளியூருக்கு வேலையில் சேரப் போகிறாள்.

“முடியலைன்னா விட்டுடுங்கப்பா, நான் பஸ்ஸுல போயிக்கிறேன். மாமாவை மடிச்சு வைக்காதீங்க!” மகள் ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தாள்.

“முடியும்,” என்றார். வேறு யாரோ சொன்னதுபோல் இருந்தது.

எஞ்சின் ஓடாதபோது பிரேக் கல்லாகிவிடும்; கியரில் போட்டு, காலை நீட்டி மிதித்தால்தான் எஞ்சினைத் திரும்பவிடாமல் பிடிக்கும். அவருக்குத் தெரியாததல்ல. எழுந்து கதவருகே போனார். குனிந்து, சீட்டுக்கடியில் இருந்த கம்பியைத் தூக்கினார். மைத்துனரோடு சேர்ந்து சீட் பின்னால் ஓடியது.

“டாப் கியர்லயே இருக்கட்டும். இப்ப மிதிங்க.”

பைப்பை அழுத்தினார். படீரென்று ஒரு சத்தம்.

“போச்சு! உடைஞ்சிடுச்சா?”

“இல்ல. கழண்டுடுச்சு.”

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். ஒன்றுமில்லை.

சீலை மாற்றினார். புல்லியை மாட்டி, புது போல்ட்டை முதலில் இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர் ‘டிக்’ என்னும்வரை திருகி, பிறகு பைப்பைப் போட்டு இன்னொரு கால் சுற்று இறுக்கினார். மைத்துனர் இப்போது பிரேக்கை மலைபோல் பிடித்திருந்தார். சக்கரத்தை மாட்டி ஸ்டார்ட் செய்தபோது புல்லி ஆடாமல் சுற்றியது. கீழே விரித்த அட்டையில் ஒரு சொட்டு விழவில்லை.

மைத்துனர் இறங்கி முட்டியைத் தேய்த்துக்கொண்டார். “சீட்டைப் பழையபடி இழுத்து வச்சிடவா?”

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். சீட்டின் தண்டவாளத்தில் பற்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் ஒரே மாதிரி.

“எந்தப் பல்லுல இருந்துச்சுன்னு பார்க்காம விட்டுட்டேன், மச்சான்,” என்றார்.

பிறகு ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார்.