விபூதி போட்டு மினுக்கிய டாலர்

நாணய மதிப்பீட்டு மாலை வகுப்பில் எனக்கு இது ஆறாவது வாரம். சண்முகராசா அண்ணை லண்டன் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து தன் 1798ஆம் ஆண்டு அமெரிக்க வெள்ளி டாலரை என்னிடம் கொண்டுவந்தார். அதை விற்றுத்தான் ஊரிலுள்ள தன் தம்பியின் இதய ஆப்பரேஷனுக்கு அவர் பணம் அனுப்பவேண்டும்.

எடையும் விளிம்பு எழுத்தும் சரி, அசல்தான். ஆனால் புதுக்காசுபோல் மினுங்கியது. லென்ஸில் காசின் முகமெங்கும் மெல்லிய கீறல்கள்.

“என்ன செய்தனீங்கள் அண்ணை?”

“விபூதி போட்டு மினுக்கினனான். குத்துவிளக்கு மாதிரி வந்திட்டுது, பார்.”

“அந்தப் பழைய கறுப்புக்குத்தான் விலை, அண்ணை. இப்ப அரைவாசியும் தேறாது.”

“துப்புரவாக் கொண்டு வாங்கோ எண்டு நீதானே பிள்ளை சொன்னனீ?”

சொன்னேன், முதல் வாரம். காசைத் துலக்கக்கூடாது என்று மூன்றாம் வாரம் படித்தேன். அன்றே அவரைத் தொலைபேசியில் அழைக்க எண்ணி, சரியாகத்தான் விளங்கிக்கொண்டேனா என்று தயங்கி விட்டுவிட்டேன்.

அவர் டாலரைக் கைக்குட்டையில் முடிந்தார்.

“திங்கட்கிழமைக்கு ஆஸ்பத்திரியில பேர் குடுத்தாச்சு,” என்றார்.