நாலு கிலோ முன்னேற்றம்

எலும்பு முறிவு வார்டுக்குப் புதிதாக வந்த கட்டில், படுத்திருப்பவரைப் படுத்தபடியே எடை போட்டுச் சொல்லும். அது வந்த நாளிலிருந்து பெரிய டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. பத்து மணிக்கு அதைப் பார்க்கவென்றே ஒரு குழு வருகிறது.

டயட்டீஷியனுக்கு ஒன்பதரைக்கே படபடப்பு. அந்தக் கட்டிலில் கிடந்த வயதான தையல்காரரின் பெயரைச் சத்துப்பால் பட்டியலிலிருந்து பெரிய டாக்டர் அடித்துவிட்டார். தொடையெலும்பு அறுவைக்கு இன்னும் ஐந்தே நாள். அதற்குள் உடம்பில் கொஞ்சமாவது சத்து ஏறாவிட்டால் புண் லேசில் ஆறாது.

“பத்து நாள்ல நாலு கிலோ ஏறியிருக்கார். இன்னும் ஊட்டினா கட்டில் தாங்காதும்மா” என்று அவரே சொல்லி அவரே சிரித்துவிட்டுப் போயிருந்தார்.

“நாலு கிலோவா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எங்க ஏறிச்சு?” என்ற தையல்காரர், அடிபடாத காலைப் போர்வைக்கு வெளியே நீட்டினார். “அளந்து பாரு. கெண்டைக்கால்ல அரை அங்குலம் போயிருக்கும். அம்பது வருஷமா அளந்த கண்ணு.”

அளந்தாள். முதல் நாள் குறித்த அளவைவிடச் சொல்லிவைத்தாற்போல் அரை அங்குலம் குறைவு. கால் இளைக்கிறது, எடை ஏறுகிறது, இதென்ன கூத்து? கட்டிலைச் சுற்றி வந்தவள் கால்மாட்டில் நின்றுவிட்டாள். முறிந்த எலும்பை நேராக இழுத்துப் பிடிக்க, கட்டிலிலிருந்து கயிற்றில் தொங்கியது இரும்பு எடைக்கல். ஐந்து கிலோ. கோப்பைப் புரட்டினாள். முதல் எடை காலையில். கல்லைத் தொங்கவிட்டது அன்று மாலையில்.

“தாத்தா, ஏறினது நீங்க இல்ல. இந்த இரும்பு. நீங்க ஒரு கிலோ இறங்கியிருக்கீங்க.”

“அப்போ பாலை எனக்குக் குடுக்கச் சொல்லு. இரும்பு பசி தாங்கும்.”

அவள் வாசலுக்கு ஓடுவதற்குள் குழு உள்ளே வந்துவிட்டது. பெரிய டாக்டர் கட்டில் கம்பியில் கையூன்றிச் சொற்பொழிவைத் தொடங்கினார். அறிவியல் வளர வளர அவர் கம்பிமேல் சாய்ந்தார். குழுத் தலைவி கண்ணாடியைத் தூக்கிவிட்டு, கட்டிலின் எடை காட்டும் திரையைப் பார்த்தார்.

“டாக்டர், நீங்க ஆரம்பிச்சப்போ நாப்பத்தேழு. இப்ப அம்பத்தொண்ணு. உங்க பேச்சுல அவ்வளவு சத்தா?”

பெரிய டாக்டர் சுட்டதுபோல் கையை எடுத்தார். திரை நாற்பத்தேழுக்கு இறங்கியது. அவர் மறுபடி வாய் திறப்பதற்குள் டயட்டீஷியன் முந்திக்கொண்டாள்.

“அதுலயும் அஞ்சு கிலோ இந்தக் கல்லுதான் மேடம். ஐயா நாப்பத்திரண்டுதான். கெண்டைக்காலும் இளைச்சிருக்கு.”

பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார்.

“இதைத்தான் நான் செஞ்சு காட்ட நினைச்சேன். எந்திரத்தை மட்டும் நம்பக் கூடாது.” பேனாவை உருவி, அடித்த பெயரைப் பட்டியலின் உச்சியில் எழுதி, அதைவிடப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

பதினொரு மணிக்கு வந்த பாலைத் தையல்காரர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார்.

“அந்தப் பட்டியலைப் பத்திரமா வச்சுக்கம்மா. கையெழுத்துப் போட்ட வேகத்துல டாக்டர் தன் பேரையும் சேர்த்துடப் போறார். அவர் இடுப்பு இப்பவே நாப்பத்திநாலு அங்குலம்.”