உள்ளூர்த் தகடு

எழுந்தான். டீ போட்டு நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். குளித்துவிட்டு, கொடியில் எந்தச் சட்டை முதலில் கைக்கு வந்ததோ அதைப் போட்டுக்கொண்டான். ஜன்னல்களைச் சாத்தினான். கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். பஸ்ஸில் இடம் இருந்தது, உட்காரவில்லை. மனைவி போனபிறகு எல்லாக் காலையும் இப்படித்தான். குறை சொல்லவும் ஒன்றுமில்லை, நிறை சொல்லவும் ஒன்றுமில்லை.

அன்று பட்டறைக்கு அரசாங்க அதிகாரி வருவதாக இருந்தது. அவர் என்ன எழுதிக்கொண்டு போகிறாரோ அதைப் பொறுத்துத்தான் பட்டறை இருப்பதும் போவதும்.

பட்டறை செய்தது பாத்திரம் கழுவும் சிங்க். ஓட்டல்களும் ஆஸ்பத்திரிகளும் வாங்குகிற ஆழமான சிங்க். தட்டையான எவர்சில்வர் தகட்டைப் பிரஸ்ஸில் வைத்து அச்சுக்குள் அழுத்தினால் தகடு இழுபட்டுத் தொட்டியாக இறங்கும். எங்கும் ஒட்டு கிடையாது. அப்படிக் கிழியாமல் இழுபடத் தகட்டில் நிக்கல் தாராளமாக இருக்க வேண்டும். அந்தத் தகடு கப்பலில்தான் வந்துகொண்டிருந்தது. அச்சுகளெல்லாம் அவன் பொறுப்பு. கல்லூரியில் படித்ததும் அதைத்தான்.

பிறகு வெளிநாட்டு உலோகத்துக்கு இறக்குமதி வரி போட்டார்கள். வெளித்தகட்டின் விலை ஏணி வைத்து ஏறியது. சரி, உள்ளூர் ஆலைத் தகட்டை வாங்கலாமென்றால் அதுவும் பின்னாலேயே அதே ஏணியில் ஏறியது. பக்கத்து வீட்டுக்காரன் வாடகையை உயர்த்தினால் நம் வீட்டுக்காரருக்கும் உடனே ஞாபகம் வருமே, அப்படி. பழைய விலைக்கு ஒப்புக்கொண்ட ஓட்டல்கள் பழைய விலைக்கே கேட்டன. அந்தத் தெருவில் மூன்று பட்டறைகள் கதவை இழுத்து மூடின.

பட்டறையின் முதலாளியம்மா வாய்க்குப் பஞ்சமில்லாதவர். மந்திரி ஏன் நம்மை நினைக்கவில்லை என்று யாரோ கேட்டதற்கு அவர் சொன்னது இன்னும் தெருவில் உலவுகிறது.

"ஆலைக்கு ஒரே வாசல், ஒரே சங்கு. ஷிஃப்ட் விடற நேரத்துல போய் நின்னா மொத்த ஓட்டும் எதிர்ல வரும். நம்மள மாதிரி ஆளுங்க தெருவுக்கு ஒண்ணு, சந்துக்கு ஒண்ணு. மனுஷன் எங்கன்னு வந்து நிப்பாரு, பாவம்."

மந்திரி ஆலை வாசலில்தான் நின்றார். ரொம்ப நாளாய் அணைந்து கிடந்த உலை அந்த வரியால் மறுபடி எரிந்தது. பத்திரிகையில் வந்த படத்தில், மந்திரிக்குப் பின்னால் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றவர் அவனுடைய மச்சான், மனைவியின் அண்ணன். தகடு உருட்டும் பிரிவில் போர்மேன். ஆலை மூடிக் கிடந்தபோது வாடகைக்கு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர்.

வரியைப் பற்றிப் பட்டறையில் எல்லோரும் வாய் வலிக்கத் திட்டினார்கள். அவனுக்கு மட்டும் திட்ட வாய் வரவில்லை. காரணம் இருந்தது. ஆலை திறந்த சமயத்தில்தான் மனைவிக்கு உடம்பு முடியாமல் போனது. ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். மச்சான் ஒரு வார்த்தை சொன்னார். ஷிஃப்ட் முடிந்து, முகத்தில் கரியோடு, உருட்டுப் பிரிவு முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையில் வந்து நின்றது. ஆலை மூடியே கிடந்திருந்தால் அந்த ஆட்கள் நாலு திசைக்குப் போயிருப்பார்கள். அவள் கூடுதலாக ஒரு கோடைக்காலம் இருந்தாள் என்றால் அது அவர்கள் கொடுத்தது.

இந்தப் பக்கமும் அப்படியே. அவன் அவளோடு ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் முதலாளியம்மா அவனை ஒரு கேள்வி கேட்கவில்லை. பிரஸ் ஓட்டுகிறவர் அச்சு வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். எல்லாம் முடிந்து அவன் திரும்பி வந்த அன்று, நேற்றுத்தான் போய் இன்று வந்தவனைப் போல, "மூணாம் நம்பர் அச்சு கொஞ்சம் தேயுது, பாருங்க" என்று மட்டும் சொன்னார்கள். அவன் போய்ப் பார்த்தான். அன்று அவனால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

வரிச் சட்டத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. உள்ளூரில் செய்ய முடியாத சரக்கு என்று நிரூபித்தால் அதற்கு வரிவிலக்கு உண்டு. முதலாளியம்மா விலக்குக் கேட்டார். ஆலை, "எங்களால் முடியும்" என்று எதிர்ப்புத் தெரிவித்தது. அப்படியானால் ஆலைத் தகட்டைப் பட்டறையிலேயே அழுத்திப் பார்த்துவிடலாம் என்றது அரசாங்கம். விலக்குக் கிடைக்காவிட்டால் பிரஸ்ஸை விற்றுவிடுவதாக முதலாளியம்மா எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஆலை எதிர்ப்புத் தெரிவித்த நாளிலிருந்து மச்சான் அவன் வீட்டுப் பக்கம் வரவில்லை. சண்டை ஒன்றுமில்லை. எந்த முகத்தோடு வருவது என்று அவரும், எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று இவனும் இருந்துவிட்டார்கள்.

ஆலைத் தகடு முன்கூட்டியே வந்து இறங்கியது. "ஒண்ணும் பண்ண வேண்டாம். எப்பவும் போல அழுத்துங்க. முதல் அழுத்துலயே கிழியும். அதிகாரி கண்ணால பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா வெளிவேலையாகப் போனார்.

ஒத்திகையாக ஒன்றை அழுத்தினார்கள். சொன்னபடியே மூலையில் கிழிந்தது. அதோடு விட்டிருக்கலாம். பிரஸ் ஓட்டுகிறவருக்குப் பட்டறையில் நிதானம் என்று பெயர். அவர் கிழிந்த மூலையைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தார். தன் பிரஸ்ஸிலிருந்து கிழிந்த சிங்க் இறங்கியது அவருக்கு மானக்கேடாக இருந்தது. "தகட்டைச் சொல்லி என்ன பண்றது, நாமதான் சரியாப் பிடிக்கல" என்றார். அவனும் குனிந்து பார்த்தான். விளிம்பைப் பிடிக்கும் வளையத்தின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தினான். நிதானம் எண்ணெயை மாற்றினார். ஒரே மூச்சில் இழுக்காமல் இரண்டு தடவையாக இழுத்தார்கள். அச்சின் மூலையை அவன் மெருகு தீட்டினான். சாப்பாடு மறந்து போயிற்று. சாயங்காலம் முழு சிங்க் ஒன்று, கீறல் இல்லாமல், கண்ணாடி மாதிரி இறங்கியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அவன் சிரித்து நாளாகியிருந்தது.

மறுநாள் ஜலதோஷத்தோடு வந்தார் அதிகாரி. ஆலை மேலாளர் தன் காரில் வந்தார். பின் சீட்டிலிருந்து மச்சான் இறங்கினார். தகட்டுக்கு ஆலைத் தரப்பில் பொறுப்பு அவர்தான். அவனைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

முதல் சிங்க் இறங்கியது. மூலை முழுசாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. வரிசையாக ஆறும். அதிகாரி தும்மிக்கொண்டே ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். மேலாளரின் முகம் மலர்ந்துகொண்டே போனது. அப்போதுதான் அவனுக்கும் நிதானத்துக்கும் தாங்கள் செய்த காரியம் உறைத்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

முதலாளியம்மா பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்: "எதிராளி சட்டைக்கும் சேர்த்து இஸ்திரி போட்டுக் குடுத்திருக்கீங்க. நல்லா இருங்க."

அவன் ஒரு காந்தத்தை எடுத்து சிங்க்கின் மூலையில் வைத்தான். நல்ல தகடானால் லேசாக இழுத்துவிட்டு வழுக்கும். இதில் கப்பென்று ஒட்டிக்கொண்டது. நிக்கல் குறைவு என்று அதற்கு அர்த்தம். இப்படிப்பட்ட தகடு அழுத்தும்போது பொறுத்துக்கொண்டு, பிறகு ஆறப்போட்ட இடத்தில் தானாக விரிசல் விடும் என்று அவன் படித்திருந்தான். சொல்ல வேண்டும். வாயைத் திறந்தான். எதிரில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், அவன் கண்ணுக்கு மட்டும், ஆஸ்பத்திரி வராந்தா வரிசை. வாயை மூடிக்கொண்டான்.

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"சார்," என்றார் மச்சான். "எழுதறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இது ரெண்டு மூணு நாள் இங்கயே கெடக்கட்டும். அறையைப் பூட்டி, நீங்களே சீல் வெச்சுட்டுப் போங்க. வந்து பார்த்துட்டு எழுதுங்க."

மேலாளர் திரும்பினார். "என்ன பேசறீங்க நீங்க?"

"நம்ம தகட்டைப் பத்தித்தான் சார் பேசறேன்."

அதிகாரி காரணம் கேட்டார். மச்சான் மறைக்கவில்லை. நிக்கலும் கப்பலில் வருகிற சரக்குதான். அதற்கும் வரி விழுந்தது. கட்டுப்படியாகாமல் ஆலை நிக்கலைக் குறைத்து வேறு உலோகத்தைக் கலந்தது. கம்பிக்கும் குழாய்க்கும் கூரைக்கும் அந்தத் தகடு அருமையாக உழைக்கும். ஆழமாக இழுத்தால் மட்டும் ஆகாது. ஆலை கேண்டீனுக்கு என்று அதிலேயே செய்த அண்டாக்கள் அலமாரியில் சும்மா இருந்தபடியே வாய் பிளந்தன. உருட்டுப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். இதையெல்லாம் அவர் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொல்லி முடித்தார். பட்டறைக்காரர்கள் சொல்லியிருந்தால் அதிகாரி தும்மிவிட்டுப் போயிருப்பார். சொன்னது ஆலைக்காரர். அறையைப் பூட்டி சீல் வைத்தார்கள்.

மறுபடி எல்லோரும் வந்து சீலை உடைத்துத் திறந்தபோது, ஆறில் நாலு சிங்க் மூலையில் விரிசல் விட்டிருந்தது, முடி நுழையும் அளவுக்கு. அதிகாரி குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவது, யாரோ நகத்தைச் சுண்டியது போல 'டிக்' என்றது. அவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். நிதானம் அந்த விரிசலை ஒரு சாவு வீட்டுக்காரரைப் போலப் பார்த்தார்.

ஆழமாக இழுக்கும் தகட்டுக்கு மட்டும், ஓராண்டுக்கு, விலக்கு உண்டு என்று அதிகாரி அங்கேயே எழுதினார். அடுத்த வருஷம் மறுபடி கேட்க வேண்டும். "அடுத்த வருஷம் பொழைச்சுக் கெடந்தா அடுத்த வருஷம் அழுதுக்கலாம்" என்ற முதலாளியம்மா, எல்லோருக்கும் டீ சொன்னார். மச்சானுக்குத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததைப் பட்டறை அன்றுதான் பார்த்தது.

மேலாளர் கார் மச்சானை ஏற்றிக்கொள்ளாமலே போய்விட்டது. இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். வெயில் இறங்கியிருந்தது. நிழற்குடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நெடுநாளைக்குப் பிறகு அவன் ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தான்.

"என்ன பண்ணுவாங்க உங்களை?" என்று கேட்டான்.

"எடைமேடைக்குப் போடுவாங்க மாப்ள. லாரி வரும், லாரி போகும். உக்காந்தே பாக்கற வேலை. முட்டிவலிக்கு நல்லதுதான்."

பொய் என்று அவனுக்குத் தெரியும். தகட்டைத் தவிர வேறெதிலும் மனம் ஒட்டாத மனிதர் அவர். நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. உறவுக்குள் நன்றி சொல்லும் பழக்கமில்லை; சொன்னால் கணக்குத் தீர்த்துவிட்டது போல ஆகிவிடும். பட்டறையை நம்பிய ஒன்பது குடும்பம் நாளைக்கும் வேலைக்குப் போகும். வராந்தாவில் நின்ற ஆட்களும் வேலைக்குப் போவார்கள், கம்பிக்கும் கூரைக்கும் ஆலை ஓடிக்கொண்டுதான் இருக்கும். இரண்டையும் ஒரே மனிதர் பார்த்துக்கொண்டார். அவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கரி ஏறிய கை. அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

"ஏன் மச்சான் சொன்னீங்க?"

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பஸ் வந்து நின்று போனது. இரண்டு பேரும் ஏறவில்லை.

"அவ கடைசியா உங்களைப் பார்த்துக்கச் சொன்னான்னு எங்கம்மா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காங்க இல்ல? அம்மாவுக்கு அது ஆறுதல். நான் மறுத்துப் பேசல. ஆனா அன்னைக்கு அவ பக்கத்துல இருந்தது நான்."

அன்று மத்தியானம் அவள் கட்டிலருகே உட்கார்ந்து மச்சான் வரியை நியாயப்படுத்தி ஒரு மூச்சுப் பேசியதும், பதிலே சொல்லாமல் கேட்டுவிட்டு அவன் குளிக்க வீட்டுக்குப் போனதும் நினைவிருந்தது. திரும்பி வந்தபோது முடிந்திருந்தது.

"நீங்க அந்தப் பக்கம் போனீங்க. தூங்கறான்னு நெனைச்சேன். கண்ணைத் திறக்காமயே சொன்னா. சொல்லிட்டு அவளே சிரிச்சா, நானும் சிரிச்சேன். அப்புறம் பேசல."

"என்ன சொன்னா?"

மச்சான் தங்கையின் குரலிலேயே சொன்னார்.

"அவருக்குச் சண்டை போடத் தெரியாதுண்ணா. ரெண்டு பேருக்கும் சேர்த்து நீயே போட்டுடு. போட்டுட்டு, நீயே தோத்துடு."